நிழல் இலையும் வெயில் இலையும்

கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இந்தப் புத்தியோடு குடும்பம் நடத்துவது கஷ்டம். லேசர் ஆய்வகத்தில் எப்படியோ பிழைத்துக்கொள்ளலாம்.

என் வேலை இலைக்குள் இருக்கும் மஞ்சள் நிறமிகளோடு. கேரட்டுக்கு நிறம் தருகிற அதே குடும்பம்தான், கரோட்டினாய்டு. வெளிச்சம் பட்டதும் அந்த மூலக்கூறு ஒரு துள்ளு துள்ளி, உடனே ஓர் இருட்டு நிலைக்குள் இறங்கிவிடும். வெளிச்சத்தைக் காட்டி அதை நேராக அங்கே அனுப்ப முடியாது, அதனால்தான் அந்தப் பெயர். அங்கே சற்று இருந்துவிட்டு, வாங்கிய வெளிச்சத்தைச் சூடாக விட்டுவிட்டுப் பழையபடி அடங்கிவிடும். கண் சிமிட்டும் நேரம் இதற்கு ஒரு யுகம். எனவே ஒரு லேசர் துடிப்பால் தட்டி எழுப்பி, பின்னாலேயே இன்னொன்றை அனுப்பி வேவு பார்ப்போம்.

வெயிலில் காயும் இலையில் சேருகிற மஞ்சள் சீக்கிரம் அடங்கும். நிழல் இலையில் இருப்பது மெதுவாக அடங்கும். காபிச் செடியில் இந்த வித்தியாசத்தைக் காட்டுவதுதான் என் ஆய்வேட்டுக்கு உயிர். மலைமேல் மாரமங்கலத்தில் சித்தப்பாவுக்குக் காபிக் காடு இருந்தது. அப்பா சின்ன வயதிலேயே மலையிறங்கி அடிவாரத்தில் கடை போட்டுவிட்டதால், நான் அதற்குள் கால் வைத்ததே இல்லை.

முதல் தடவை மழைக்காலத்தில் போனேன்.

"இலை சாம்பிள் எடுக்கோணுங்க சித்தப்பா. நிழல்ல இருக்கறது கொஞ்சம், வெயில்ல இருக்கறது கொஞ்சம்."

"அட்டை நொம்பக் கெடக்குது கண்ணு. நீ ஊட்டுலயே இரு, நான் பறிச்சாரேன்."

ரத்தம் குடிக்கிற அட்டைக்கு நடுவே எனக்காகப் போகிறாரே என்று மனசு இளகிவிட்டது. இரண்டு பைகளில் கொண்டுவந்து கொடுத்தார். உடனே ஐஸில் புதைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆய்வகத்தில் இரண்டு பை இலையிலும் மஞ்சள் ஒன்றுபோலவே அடங்கியது. வெயில் எது, நிழல் எது என்று தெரியவில்லை. என் கைடுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காபி மட்டும் விதிவிலக்கு, புதுசு, உடனே எழுதிவிடு என்றார். எனக்கோ நம்பிக்கை வரவில்லை. லேசரைச் சந்தேகித்தேன், கண்ணாடிகளைச் சந்தேகித்தேன், கரைசலைச் சந்தேகித்தேன், பக்கத்து மேசைக்காரரைக்கூட விடவில்லை. எல்லாம் சரியாகவே இருந்தது. புது இலையில் ஒருமுறை பார்க்காமல் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் மலையேறினேன்.

சித்தப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ எதுக்கு கண்ணு? அட்டை கெடக்கும்."

மாசி மாதம். வாசல் மண் வெடித்துக் கிடந்தது. ஈரமே இல்லாத இந்த வறட்சியில் ஏது அட்டை?

"ஏனுங்க சித்தப்பா, போன தடவ எங்க பறிச்சீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரோட்டோரத்துல. ரெண்டு பையும் ஒரே செடிதான்."

எனக்குப் பொசுக்கென்று கண்ணீர் வந்துவிட்டது. "என்ர படிப்பே போயிருக்குமுங்க" என்று கத்தினேன். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகித்தவள் இவரை மட்டும் விட்டுவைத்திருந்தேன். அன்பு என்று நான் நினைத்தது காட்டுக்குப் போட்ட காவல்.

"நீ சாம்பிள்னு சொன்னியே சாமி" என்றார். "பாக்சைட்டுக்கு மண்ணெடுத்தவங்களும் மொதல்ல சாம்பிள்னுதான் இந்த மலைக்கு வந்தாங்க. அப்பறந்தான் லாரி வந்துச்சு. உன்ர மேல சந்தேகமில்ல. உன்னைய அனுப்புனவங்க ஆருன்னு எனக்குத் தெரியாதல்லோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், வெளிச்சம், இருட்டு நிலை, சூடு.

"செரி. இதத் தெரிஞ்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

சூரிய மின்தகடு, வெயில் தாங்கும் பயிர் என்று விண்ணப்பங்களில் எழுதும் பதில் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பயிரை யார் உருவாக்குவார்கள், யார் நிலத்தில் போடுவார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவள் இதைக் கேட்கவில்லை.

"தெரியலீங்க சித்தப்பா."

அவர் பையை என் கையில் கொடுத்துவிட்டு, "நெசத்தச் சொன்னே, வா" என்று காட்டுக்குள் நடந்தார்.