மே மாதத்தில் காணாமல்போன தலையிடி

போன செவ்வாய் மனைவியோடு கிளினிக்குக்குப் போனேன். கப்பல்துறையில் எங்கள் வீட்டுப் படலையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை வேகத்தடைகள் பதினொன்று. ஓட்டோ ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க, அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தேன்.

எங்களுக்குக் கலியாணமாகி நாற்பத்திரண்டு வருடம். அவளுடைய தலையிடிக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

இந்த வருடம்தான் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கட்டி இல்லை, கசிவு இல்லை.

"உமக்கு ஒண்டுமில்லையாம்" என்றேன் சந்தோசமாக.

"ஒண்டுமில்லாததுக்கோ நான் யன்னலைச் சாத்திப்போட்டுக் கிடக்கிறன்? இதுக்கு ஒரு பேர் சொல்லட்டும், அது காணும் எனக்கு."

டொக்டர் பிள்ளை ஒரு வழி சொன்னார். ஓர் ஆய்வு நடக்கிறதாம். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத மூளைப் படத்திலும், இது எந்த வகைத் தலையிடி என்று கண்டுபிடிக்கக் கம்பியூட்டர் பழகுகிறதாம். படத்தோடு, மூன்று மாதத் தலையிடிக் குறிப்பும் வேண்டும் என்று ஒரு படிவம் தந்தார். இரண்டையும் வைத்துத்தான் அது படிக்கும்.

படிவத்தை யார் நிரப்புவது? முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் வீட்டில் இருக்கும்போது இது ஒரு கேள்வியா?

செவ்வாயன்று டொக்டர் நான் நிரப்பிய படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர், ஒற்றைத் தலையிடி ஏப்ரல்ல ஓம் எண்டு போட்டிருக்கிறீங்கள். ஜூனிலயும் ஓம். மேயில மட்டும் எப்பிடி இல்லாமல் போச்சுது?"

"ஏப்ரல்ல பதின்மூண்டு தரம். ஜூனில ஒன்பது. மேயில பதினாலு, டொக்டர். பதினாலு எப்பிடி ஒற்றையாகும்?"

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின.

ஒற்றைத் தலையிடி என்றால் மைகிரேனாம். பெரும்பாலும் ஒரு பக்கமாக இடிக்குமாம். அப்படியே மைகிரேன் என்று அச்சடித்தால் என்ன? இரண்டால் பிரித்து மீதி ஒன்று வந்தால் ஒற்றை — வேறெப்படி நினைப்பான் ஒரு கணித வாத்தியார்?

"நல்லகாலம், நான் இன்னும் அனுப்பேல்ல. மெஷினுக்கும் பிழையாப் படிப்பிச்சிருப்பீங்கள்" என்றார். "சரி சேர், எந்தப் பக்கம் இடிக்கிறது எண்ட கட்டம் வெறுமையாக் கிடக்குது."

இதுவரை எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொல்லிவந்தேன். எத்தனை தரம், எத்தனை மணித்தியாலம், எத்தனை குளிசை விழுங்கினாள்... எல்லாம் மனப்பாடம். ஆனால், பக்கம்?

"இஞ்சரும், எந்தப் பக்கம்?"

"நாப்பத்திரண்டு வருசத்தில இண்டைக்குத்தான் கேக்கிறியள். இடப்பக்கம். நீங்கள் கதிரையைப் போட்டிருந்து வாய்விட்டு எண்ணுற பக்கம்."

டொக்டர் அவளிடமே இன்னும் நாலு கேள்வி கேட்டார். வெளிச்சம் கூசுதா, சத்தம் ஏலாதா, வயித்தைப் பிரட்டிச் சத்தி வருகுதா, துடிச்சுத் துடிச்சு இடிக்குதா. நாலுக்கும் ஓம்.

"இது மைகிரேன்தான், அம்மா. மெஷினும் இதைத்தான் சொல்லுதோ எண்டு பிறகு பாப்பம்."

டொக்டர் துண்டில் எழுதித் தந்த அந்தப் பெயரை அவள் இரண்டு தரம் வாசித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

திரும்பும்போது ஓட்டோவில் நான் வலப்பக்கம் மாறி இருந்தேன். வேகத்தடை பதினொன்றையும் மனதுக்குள்தான் எண்ணினேன்.