நாலரை மணிச் சங்கு

சென்ற வாரம், வருசநாட்டில் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தேன். கோடை மழைக் காலம்தான். ஆனாலும் தலைக்கு மேலே ஒரு மேகம்கூட இல்லை. எதிர்க்கரைத் தோப்பில் இலவங்காய்கள் வெடித்து, பஞ்சு காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாத பஞ்சு... இங்கேயே இறங்கிவிடலாமா, இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாமா என்று யோசிப்பதைப் போல.

இப்படி ஒரு மாலையில் வெள்ளம் வரும் என்றால் நம்புவீர்களா?

நம்ப மாட்டீர்கள். அந்த ஊரின் ஆபத்தே அதுதான். மலையில் மழை கொட்டும். கீழே வெயில் காயும். காலையில் கணுக்கால் அளவுத் தண்ணீரைக் கடந்து கூலி வேலைக்குப் போகிறவர்கள், மாலையில் அதே இடத்தில் காட்டு வெள்ளத்தில் சிக்கிக்கொள்வார்கள். பாலம் உண்டு – சுற்றி நடந்தால் ஒரு மணி நேரம்.

எனவே நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். மலைக் குடியிருப்பில் ஒரு மழைமானி. அங்கே பெருமழை பெய்தால் போன் வரும். கீழே, தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஒரு சைரன். அதை இயக்குபவர், ஊருக்கு மோட்டார் போடும் பாண்டியம்மாள். சைரன் ஒலித்தால் யாரும் ஓடையில் இறங்கக் கூடாது. எவ்வளவு எளிமை!

செயல்முறைக் குறிப்பை எழுதியவன் நான். ‘பழுதின்றி இயங்குகிறதா என்பதை அறிய, தினமும் ஒருமுறை சில நொடிகள் ஒலிக்கச் செய்யவும்.’ குறையில்லாத வாக்கியம் என்றுதான் அப்போது தோன்றியது.

அன்று சைரன் ஒலித்தது. மிதக்கும் பஞ்சுக்கு நடுவே அந்த ஓசை, கனவில் கேட்பது போல நீண்டது. கரையில் மேடான இடத்துக்கு ஏறி நின்றுகொண்டேன். எங்கள் சைரன்! கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எதிர்க்கரைத் தோப்பிலிருந்து பத்துப் பெண்கள் வெளியே வந்தார்கள். இலவங்காய் உடைப்பவர்கள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. கையில் தூக்குவாளி. சிரித்துப் பேசியபடி... நேராக ஓடையை நோக்கி.

சைரன் கேட்டால் விலகிப் போகத்தானே வேண்டும்? இவர்கள் ஏன் இறங்கி வருகிறார்கள்?

இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினேன். அவர்களும் உற்சாகமாகக் கையாட்டினார்கள்.

“என்னக்கா, இன்னிக்கிச் சங்கு வெள்ளனமே ஊதிருச்சு?” என்றபடி, முன்னால் வந்த செல்வி தண்ணீரில் கால் வைத்துவிட்டார்.

“ஊதட்டும்டி. சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்தியா? வெளக்கெண்ண குடிச்ச மாதிரி!” என்றார் பின்னால் வந்த பேச்சியம்மாள்.

“இறங்காதீங்க! வெள்ளம்!” என்று கத்தினேன்.

செல்வி வானத்தைப் பார்த்தார். “எங்கன சார் வெள்ளம்? இந்த வெயில்லயா?”

சைரன் நிற்கவில்லை. பேச்சியம்மாள் சட்டென்று நின்றார்.

“ஏ செல்வி, பொறு. பாண்டியம்மா இன்னும் சுவிச்சுல இருந்து கைய எடுக்கலயே. அவ சும்மா ஊத மாட்டா. ஏறுடி மேல!”

செல்வி காலை எடுத்தார். முதலில் சருகுகள் மிதந்து வந்தன. பிறகு தண்ணீர் டீ நிறமானது. அப்புறம்... ஓடை எழுந்து வந்தது. மிதந்துகொண்டிருந்த பஞ்சு அதன்மேல் மெல்ல இறங்கி, சுழன்று, காணாமல் போனது.

அவர்கள் பாலம் சுற்றி ஊர் வந்து சேர்வதற்குள் பாண்டியம்மாள் எனக்கு விளக்கிவிட்டார். தினமும் நாலரைக்கு மோட்டாரை நிறுத்தும்போது சைரனைச் சோதிப்பார். அந்த ஓசைதான் தோப்பில் வேலை முடியும் மணியாகிவிட்டது. அன்று மலையிலிருந்து போன் வந்ததோ, நாலு இருபதுக்கு!

“தொட்டி மேல இருந்து பாத்தேன் சார். எல்லாரும் ஓடைக்கு வர்றாக. நிறுத்துனா எறங்கிருவாகன்னு தெரியும். அதான் கைய எடுக்கல.”

என் குறிப்பு, எச்சரிக்கையை அழைப்பாக மாற்றியிருந்தது. மறுநாள் காலை ஊர்க்கூட்டத்தில், “தினசரிச் சோதனையை நிறுத்திவிடலாம்” என்றேன்.

“அதெப்படி சார்?” செல்வி எழுந்துவிட்டார். “முன்னாடியெல்லாம் தோப்புல பொழுது சாயுற வரைக்கும் விட மாட்டாக. மணி எங்க போன்லயுந்தான் இருக்கு. ஆனா தனியா எந்திரிச்சா வசவு. சங்கு ஊதுனா பத்துப் பேரும் ஒண்ணா எந்திரிப்போம். அவுகளால ஒண்ணுஞ் சொல்ல முடியல. அதப் புடுங்கிட்டுப் போயிராதீக.”

யோசித்துப் பார்த்தேன். சோதனை தொடர்ந்தால் குழப்பம். நிறுத்தினால், இருட்டிய பிறகு ஓடையைக் கடப்பார்கள். அது மட்டும் ஆபத்தில்லையா? வெள்ளத்துக்கு என்று நாங்கள் கொடுத்த கருவியால், எங்கள் திட்டத்தில் இல்லாத இன்னொரு ஆபத்தையும் அவர்கள் தாங்களாகவே தடுத்திருந்தார்கள்.

பாண்டியம்மாள்தான் முடித்துவைத்தார். “வீட்டுக்கு வாங்கன்னா ஒரே தடவ. வராதீகன்னா விட்டு விட்டு ஊதுவேன், தண்ணி வடியிற வரைக்கும். இன்னிக்கே பழகிருவோம்.”

ஓடை இரவிலேயே வடிந்திருந்தது. மாலை நாலரைக்கு ஒருமுறை சங்கு. பெண்கள் தோப்பிலிருந்து வந்தார்கள். கரையை நெருங்கியபோது விட்டு விட்டு ஒலிக்கத் தொடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள், பஞ்சு உதிர்ந்த புல்லின் மேல். வானம் தெளிவாக இருந்தது. தண்ணீர் கணுக்கால் அளவு.

“வாங்க, வாங்க!” என்று சோதனைக்காக இரண்டு கைகளையும் ஆட்டி அழைத்தேன்.

ஒருவர்கூட அசையவில்லை – இத்தனை நிம்மதியான அவமரியாதை எனக்கு இதுவரை வாய்த்ததில்லை!