முகம் திருப்பிக்கொண்டவர்கள்

சூடான பல்பில் தூசி கருகும் மணம் ஒன்று உண்டு. ஸ்லைட் காட்டும் பெட்டியை இயக்கிக் கொஞ்ச நேரத்தில் அது கிளம்பும். அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் நாங்கள் போய்வந்த தேவாலயத்தின் பேஸ்மென்ட் மண்டபத்தில், பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் கோப்பி மணத்தோடு அது கலந்து வரும். எண்பத்தெட்டாம் ஆண்டுக் குளிர்காலம், எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மச்சான் முறை என்பதால் கணக்காளராக இருந்த மனிதருக்குக் கட்டிவைத்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். படிப்பு இல்லையே தவிர, யாருக்கும் குறைந்தவள் என்று அன்றைக்கும் நான் நினைத்ததில்லை, இன்றைக்கும் நினைப்பதில்லை. அந்த மண்டபத்தில் என் "கட்லட்" தட்டுத்தான் முதலில் காலியாகும்.

தேவாலயத்துப் பெண்கள் மூன்று பேர் பலஸ்தீனத்துக்குப் போய்வந்திருந்தார்கள். புனிதத் தலம் பார்க்க அல்ல. அங்கே "ஆமிக்காரர்" ரோட்டை மறித்துச் சனங்களைச் சோதிக்கும் இடத்தில் விடிய எழும்பிப் போய் நின்று, யாரை நிறுத்தினார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள், யாருடைய பையைக் கொட்டினார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர்களின் வேலை. தடுப்பதில்லை, சண்டை பிடிப்பதில்லை, பார்ப்பது மட்டும். அவர்களுக்குத் தலைவி போல இருந்தவர் டோரத்தி அன்ரி, ஓய்வுபெற்ற தாதி. பார்ப்பதற்குப் பிளேன் ஏறிப் போவதோ என்று நான் வீட்டில் சிரித்தபோது, என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "சிரிக்காதேயும். ஆள் நிண்டு பாத்தா, அடிக்கிற கை கொஞ்சம் யோசிக்கும்."

எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்த நூஹா பலஸ்தீனத்துக்காரி. அவளுக்கும் எனக்கும் இடையில் ஓடியது அரைகுறை இங்கிலீசும் முழுக் கைப்பாஷையும். என் "சம்பலை"ச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கேட்பாள். அவள் ஒலிவ் எண்ணெய் ஊற்றும் தாராளத்தைப் பார்த்து, உன் மனுசனுக்கு எண்ணெய்க் கிணறு இருக்கிறதோ என்று நான் நையாண்டி பண்ணுவேன். உங்கள் ஊர்ப் படம் காட்டுகிறார்கள், வா என்று அவளைக் கூட்டிப்போனது நான்தான்.

முதலில் வந்தவை சும்மா படங்கள். வரிசையில் நிற்கும் ஆட்கள், தக்காளிப் பெட்டிகள், நகர மறுத்து நடுரோட்டில் நின்ற ஒரு கழுதை. கழுதைக்கு மண்டபமே சிரித்தது. அதற்கும் எங்கள் ஊர்ப் பிடிவாதம்தான் என்று நூஹாவும் சிரித்தாள். அடுத்த படத்தில் வயதான பெண் ஒருவர் நிலத்தில் குந்தியிருந்தார். தலைத்துணி தோளில் விழுந்து கிடந்தது. அவருடைய பையிலிருந்த உள்ளுடுப்புகள் தார் ரோட்டில் பரவிக் கிடக்க, அதில் ஒன்றைத் துவக்கு முனையால் தூக்கிப் பிடித்தபடி மீசை முளைக்காத ஆமிக்காரன் ஒருவன் நின்றான். மண்டபம் உச்சுக்கொட்டியது.

நூஹா எழுந்து வெளிச்சத்துக்குக் குறுக்கே போய் நின்றாள். படம் முழுவதும் அவளுடைய கோட்டில் விழுந்தது. படத்தில் இருந்தவர் அவளுடைய தாயின் அக்கா. வெளி ஆண்களுக்கு முன்னால் ஒருநாளும் தலைத்துணி இல்லாமல் வராத மனுசி. என் பெரியம்மா இந்தப் படத்தை உங்களுக்குத் தந்தவரா என்று கேட்டாள். டோரத்தி அன்ரி கெட்ட மனுசி இல்லை. கண்ணால் காணாவிட்டால் இந்த நாட்டுச் சனம் நம்பாது, அடுத்த கிழமை பெரிய கூட்டத்தில் இதைத்தான் காட்டப்போகிறோம் என்று சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, நீயும் ஆமி மறிக்கும் நாட்டிலிருந்து வந்தவள்தானே, உலகம் இதைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா, நீயே சொல்லு என்றார்.

அதுவரை நான் யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. கல்யாணத்துக்காக ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாள், யாழ்ப்பாணத்தைக் கடந்து நீரேரி ஓரத்துச் "செக்கிங்"கில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அம்மா அடுக்கித் தந்த புதுச் சூட்கேசை ஒருத்தன் கிளறி, எதை வெளியே எடுக்கக்கூடாதோ அதை எடுத்து உயர்த்திப் பிடித்து, கூட்டாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். எங்கள் பஸ்ஸில் வந்த அத்தனை சனமும், டிரைவர், கண்டக்டர், பிள்ளைத்தாய்ச்சி, கிழவர் எல்லோரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னை மூட அவர்களிடம் வேறு துணி இருக்கவில்லை. திரும்ப ஏறியதும் அந்தக் கிழவர், ஒன்றும் நடவாததுபோல ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை நீட்டினார்.

அந்த நேரத்துக்குள்தான் வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெடியனைக் கொண்டுபோயிருந்தார்கள். அவனுடைய தாய் சீட்டுச் சீட்டாக வந்து எங்களைக் கேட்டார்: "எந்தப் பக்கம் கொண்டு போனவங்கள்? ஆராவது பாத்தனீங்களோ? ஒராள் சொன்னாப் போதும்." ஒருவரும் பார்க்கவில்லை. அந்தத் தாயும் பார்க்கவில்லை. அவரும் எனக்காகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றவர்தான்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு இங்கிலீசும் இல்லை, வாயும் எழவில்லை. நீங்கள் கட்டாயம் போய்ப் பாருங்கள், கண்டதை வாயால் சொல்லுங்கள், ஆனால் அந்த மனுசியின் படத்தை இவளிடம் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் எப்படியோ சொல்லி முடித்தேன். டோரத்தி அன்ரி பெட்டியைத் திறந்து, சூடு ஆறாத அந்தச் சின்னச் சதுரத்தை எடுத்து நூஹாவின் உள்ளங்கையில் வைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில், காரோடு கூட்டிப்போக வந்த என் கணவருக்குச் சூட்கேஸ் கதையைச் சொன்னேன். இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். வீடு கிட்டியபோதுதான், "உந்தச் சூட்கேசை எறிஞ்சு போடுவமே?" என்றார்.

"வேண்டாம்," என்றேன். "நல்ல சூட்கேஸ்."

அந்தப் படம் இல்லாமல் நடந்த பெரிய கூட்டத்தில் சனம் கழுதைக்குச் சிரித்துவிட்டுக் கலைந்துபோனதாம். அதைச் சொன்னபோது டோரத்தி அன்ரி என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நூஹாவும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஏறி வரவில்லை. படிக்கட்டில் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். வாய் திறக்குமுன் நானும் அந்தப் படத்தை ஆற அமர, நன்றாகப் பார்த்தவள்தானே. கோடை வருமுன் அவர்கள் பாட்டர்சன் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள்.

இன்றைக்கு இவரும் இல்லை, டோரத்தி அன்ரியும் இல்லை. அந்த மண்டபத்தில் டேகேர் நடக்கிறது. பார்க்கக் கூடாததைக் கண்டால் தன்பாட்டில் திரும்பும் முகங்களையும் நான் இப்போது காண்பதில்லை. அப்படிப்பட்ட படங்கள் சாப்பாட்டு மேசைக்கே வருகின்றன. பேத்தி ஃபோனை நீட்டி, "அம்மம்மா, யூ ஹாவ் டு லுக்," என்கிறாள். அவள் சொல்வது சரி என்று தெரிந்து பார்க்கிறேன். பிறகு சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கிறேன். நீ பார்ப்பது படத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியாது, ஏன் வெட்கப்படுகிறாய் என்று இங்கிலீசில் கேட்கிறாள் பிள்ளை.

அந்தப் பெண்ணுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே.