பாழுங்கிணற்றில் விழுந்த சுவிட்சுக்காரர்

எங்க ஆபீஸ் சுவிட்சுக்காரரைப் பத்தி நான் சொல்றதுல பாதி எரிச்சல். அதை முதல்லயே ஒத்துக்கறேன். நான் கொள்முதல் பிரிவுத் தலைமை. ரெண்டு வருஷமா என்னைச் சீட்டு எழுத வச்சே உயிரை வாங்கின மனுஷன் அவர்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒயரெல்லாம் வந்து சேர்ற ஒரே சுவிட்ச் பெட்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பி, கொள்முதலுக்கு ஒரு அறை, கேமராவுக்கு ஒண்ணு, வந்துபோறவங்களுக்கு ஒண்ணுன்னு பிரிச்சிருந்தார். ஒரு அறையில இருக்கற கம்ப்யூட்டர் அடுத்த அறையை எட்டிப் பார்க்க முடியாது. யாரும் பயன்படுத்தாத சாக்கெட்டையெல்லாம் 999-ங்கற அறையில தள்ளிடுவார். அதுல ஒயரைச் சொருகினா இன்டர்நெட்டும் இல்ல, பிரிண்டரும் இல்ல. நாங்க அதுக்கு வச்ச பேர் பாழுங்கிணறு. மேல ஏறி வரணும்னா பிரிவுத் தலைமை கையெழுத்தோட, காரணம் எழுதிச் சீட்டு கொடுக்கணும். "அவசரம்"னு எழுதினா, "காரணம் போதாது"ன்னு சிவப்பு மையில திருப்பி அனுப்புவார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

போன வாரம் ஒருநாள் காலையில மேனேஜர் எல்லாருக்கும் இடம் மாத்தினார். சுவிட்சுக்காரரோட ஜன்னலோர மேஜை எனக்கு வந்துச்சு. அவருக்கு வந்தது ஒரு மூலையும் ஒரு மிரட்டலும். "மூணு மணிக்குள்ள பயிற்சி அறையில பன்னிரண்டு கம்ப்யூட்டரும் ஓடணும். இல்லன்னா வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடுவேன், நீங்க கிளம்பலாம்."

ரெண்டரைக்கு அவர் என் முன்னால வந்து நின்னார். முகத்துல ஈயாடல.

"மேடம், பயிற்சி அறை சாக்கெட்டெல்லாம் 999-ல இருக்கு. அதை மாத்தலாம்னா, என் புது சாக்கெட்டும் 999-ல இருக்கு."

"அடடா, நீங்களே விழுந்துட்டீங்களா?" சிரிப்பை அடக்க முடியல எனக்கு.

"சுவிட்சுக்குள்ள போய் எதையும் மாத்த, இந்த மேஜை சாக்கெட்டுக்கு மட்டும்தான் வழி வச்சிருக்கேன். பாதுகாப்புக்கு. இடம் மாறும்போது மறந்துட்டேன்."

"பெட்டியிலயே நேரா ஒயரைச் சொருகலாமே?"

"அதுக்குத் தனி ஒயர் வேணும். அதைக் கேட்டுத்தான் நாலு மாசம் முன்னாடி உங்களுக்குச் சீட்டு கொடுத்தேன் மேடம்."

திக்குன்னுச்சு. என் ஃபைலைப் புரட்டினேன். சீட்டு இருந்துச்சு. மேல என் கையெழுத்துல, "காரணம் போதாது." பழிக்குப் பழின்னு அன்னிக்கு ரசிச்சு எழுதினது. இப்ப இவர் வேலை போனா அதுல பாதிப் பழி எனக்கு.

சட்டுனு எழுந்தேன். "உட்காருங்க சார், சீக்கிரம்!"

"சீட்டு எழுதிடறேன் மேடம். முறைன்னா முறை."

மணி ரெண்டு நாற்பது! நின்னுக்கிட்டே, காரணம்ங்கற இடத்துல நிதானமா எழுதினார்: "என் கவனக்குறைவு." சிவப்புப் பேனாவை ஓரமா வச்சுட்டு, கையெழுத்துப் போட்டேன்.

மூணு அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது பன்னிரண்டும் ஓடிச்சு. மேனேஜர் எட்டிப் பார்த்து, தலையாட்டிட்டுப் போனார். பொய் சொல்லல, எனக்குக் கண் கலங்கிடுச்சு.

அவர் இன்னும் ரெண்டு நிமிஷம் என்னமோ தட்டிட்டு, எழுந்து நாற்காலியை விட்டார். உட்கார்ந்தேன். என் திரையில ஒண்ணும் வரல.

"சார்! என்ன பண்ணீங்க?"

"அந்த வழி உங்ககிட்ட இருக்கக் கூடாது மேடம், என் மூலைக்கு மாத்திட்டேன். இப்ப இது காலி சாக்கெட். அதனால 999." சீட்டுக் கட்டை என் பக்கம் நகர்த்தினார். "காரணத்தை மட்டும் கொஞ்சம் விவரமா எழுதுங்க."