பெரியதாழைக்கு ஒரு போத்தல் எண்ணெய்

தூத்துக்குடியிலிருந்து பெரியதாழைக்கு இந்த யுத்த காலத்தில் எப்படிப் போவது என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட நம் பழைய மாணவியர் இதழில் ஒருமுறை எழுதிவிடுவது நல்லது. போன தை மாதம் ஒரு புதன்கிழமை புறப்பட்டு வியாழக்கிழமை திரும்பினேன். நேரத்தையும் கட்டணத்தையும் அங்கங்கே குறித்துக்கொண்டேன். அவற்றில் பிழை இராது.

போன காரணத்தை மறைத்துப் பாதையை மட்டும் எழுத எனக்குத் தெரியவில்லை. என் மகன் மிக்கேல் சரக்குக் கப்பலில் ஸ்டோர் கீப்பர். சென்ற வருஷம் அவனுடைய கப்பல் கொழும்பிலிருந்து ரங்கூனுக்குப் புறப்பட்டது. போய்ச் சேரவில்லை. கப்பலும் ஆட்களும் மூழ்கிவிட்டதாகவே கருத வேண்டியிருக்கிறது என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அன்றே நான் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். எங்கள் வீட்டில் சாவு நேர்ந்தால் பெண்கள் ஒரு வருஷம் தலைக்கும் மேலுக்கும் தேங்காய் எண்ணெய் தொடுவதில்லை. குசினியில் பொரிப்பதும் இல்லை. வருஷப் பூசை முடிந்தபின் மூத்தவள் மற்றப் பெண்களுக்குத் தன் கையால் எண்ணெய் வைப்பாள். என் கணவர் காலமானபோதும் இப்படித்தான் செய்தோம்.

மருமகள் பிலோமினா இதற்கு உடன்படவில்லை. கடிதம் வந்த நான்காம் நாள் காலை கொல்லைப் படியில் உட்கார்ந்து, காதோரம் எண்ணெய் வழிய, தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“ஏளா, இது துட்டி வீடு. நெனவிருக்கா?” என்றேன்.

“துட்டி வீடுன்னு நீங்கதான் சொல்லுதிய, மாமி. அவுக வருவாக.”

நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். மறுநாள் அவள் பெரியதாழையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். பதினொரு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை, கடிதமில்லை.

மார்கழியில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி கருவாடு விற்க வந்தாள். “பிலோமி தலை காஞ்சு கெடக்கு மாமி, பாக்கவே சகிக்கல” என்று சொன்னாள். கடைசியில் ஏற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றியது. துக்கத்தில் ஒரு சிறு ஆறுதல்கூட வந்தது. வருஷப் பூசைக்குச் சனிக்கிழமை குறித்திருந்தேன். நானே போய் அழைத்து வருவதென்று முடிவு செய்தேன்.

வருஷப் பூசைக்கு நெருங்கிய உறவை அழைக்கும்போது ஒரு போத்தல் எண்ணெயும் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். பூசை கண்டு திரும்பும்வரை அவர்கள் அதைத் திறக்கக் கூடாது. கடைத்தெருவில் நல்ல எண்ணெய் இல்லை. இருப்பதிலும் எதையோ கலக்கிறார்கள். கையில் பிசுபிசுக்கிறது, மணமில்லை. கொழும்புத் தோணி ஒன்றில் வந்த பன்னிரண்டு தேங்காய்களை வாங்கித் துருவிப் பால் பிழிந்து, இரும்புச் சட்டியில் கிண்டிக்கொண்டே இருந்து உருக்கெண்ணெய் எடுத்தேன். கசடு தேன் நிறமாகும்போது இறக்க வேண்டும். கறுக்கவிட்டால் எண்ணெயில் தீய்ந்த வாடை ஏறிவிடும். பிள்ளைகளின் மேலுக்கும் தலைக்கும் இதைவிட நல்லது கிடையாது. கஞ்சியில் ஒரு கரண்டி விட்டால் வயிற்றுக்கும் இதம். ஒரு போத்தலை நிரப்பித் தக்கை அடைத்து, மெழுகுவர்த்தியை உருக்கி முத்திரை வைத்தேன்.

புதன்கிழமை காலை ஆறரைக்குத் திருச்செந்தூர் பஸ். இருபத்தைந்து மைல், கட்டணம் பத்தணா. பெட்ரோல் இல்லாததால் எல்லாம் கரி வண்டிதான். பின்னால் ஓர் உலையைக் கட்டிக்கொண்டு, ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கி நிற்கிறது. வெள்ளைச் சேலை உடுத்துபவர்கள் பின் வரிசையில் உட்காராதீர்கள். ஆறுமுகநேரி உப்பளம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். “ஆச்சி, நீங்க மட்டும் இருங்க” என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னார்.

“என் பாரத்தையும் சேத்து எதுக்குத் தள்ளுதிய? நான் இறங்கி நிக்கேன்” என்றேன்.

“இந்தப் புத்தி அந்த முதலாளிக்கு இருந்தா நான் ஏன் கரி அள்ளுதேன்!” என்று அவர் பின்சீட்டில் அசையாமல் இருந்த ஒரு பருத்த மனிதரைக் காட்டினார். அவரும் இறங்கிவிட்டார்.

ஒன்பது இருபதுக்குத் திருச்செந்தூர். அங்கிருந்து உடன்குடி ஒன்பது மைல், நாலணா. பதினொன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சம்பந்தி வீட்டுக்கு இரண்டு வட்டுக் கருப்பட்டி வாங்கினேன். அதற்கு மேல் பஸ் இல்லை. பெரியதாழை ஒன்பது மைல் என்கிறார்கள். தேரியின் செம்மணலில் ஒவ்வொரு மைலும் இரண்டாகிறது. மாட்டு வண்டிக்குப் போகவர மூன்று ரூபாய் பேசினேன். வண்டிக்காரர் சுடலைமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் போத்தலை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்ததை இரண்டு மைல் தூரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“என்ன ஆச்சி, கைப்பிள்ளைய வச்சிருக்க மாதிரி வச்சிருக்கிய?”

“தேங்காய் எண்ணெய்.”

அவர் வண்டியையே நிறுத்திவிட்டார். “அசலா? உடன்குடிக்குத் தெக்க ரெண்டு மாசமா ஒரு கடையில சொட்டு கெடயாது. எம் பொண்டாட்டி தலை பனந்தும்பாட்டம் நிக்கி. கட்டிலுக்குக் கயிறு திரிக்கவான்னு கேட்டேன், சோறு போடல.”

சிரித்தேன். அவர் சொன்னதில் எனக்கு வேண்டிய செய்தி முழுவதும் இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

நாலு பத்துக்குப் பெரியதாழை. சம்பந்தி அம்மாள் தெருமுனைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிலோமினா வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். கருநாகம் போல் இருந்த தலைமுடி உப்புக்காற்றில் செம்பட்டையாகி, முடியப் பார்த்தாலும் முடியாமல் பிரிந்து கிடந்தது. கைகளில் வெடிப்பு. கரையில் மீன் வாங்கிக் காயவைத்து விற்று அவளும் தாயும் பிழைக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. “வாங்க மாமி” என்று மட்டும் சொன்னாள்.

மீன் குழம்பு தாளிப்பில்லாமல் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் போத்தலை மேசைமேல் வைத்து, சனிக்கிழமைப் பூசைக்கு அழைத்தேன். “நீயும் மனசைத் தேத்திக்கிட்டது எனக்கு ஆறுதலா இருக்கு” என்றேன்.

“யாரு தேத்திக்கிட்டா?”

“உன் தலையப் பாத்தாலே தெரியுதே.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “துக்கத்துக்கு நான் தலையக் காயப் போடல மாமி. எண்ணெய் கெடைக்கல. அவ்வளவுதான்.”

“சுறா எண்ணெய வச்சுப் பாத்தா, மைனி. ரெண்டு தெருவுப் பூனையும் பின்னாலயே வந்திட்டு!” என்று சம்பந்தி சிரிக்கப் பார்த்தாள். வேறு யாரும் சிரிக்காததால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிலோமினா சொன்னாள்: “ஊரே உங்கள மாதிரிதான் நெனச்சிட்டு. ஒவ்வொருத்தியா வந்து என்னக் கட்டிப் பிடிச்சு அழுதிட்டுப் போறா. வீடு வீடாப் போயி, எண்ணெய் இல்ல, அதான் தலை காஞ்சிருக்கு, எம் புருசன் சாகலன்னு சொல்லிட்டா அலைய முடியும்? பர்மாவுலருந்து நடந்தே வந்து சேந்த ஆளுக இருக்காக. அவுகளும் வருவாக.” பிறகு மெதுவாக, “அந்தப் போத்தல இப்பவே தெறந்து தாரியளா?” என்றாள்.

“முடியாது. பூசை கண்ட பிறகுதான்.”

“நான் பூசைக்கு வரல.”

போத்தல் மேசைமேலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நான் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதாகத்தான் அன்று படுத்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கட்டுமரங்கள் கரை ஏறுவதைப் பார்க்கப் போனேன். போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். வீட்டிலிருந்து கால் மைல்தான். மணல் சரிவாக இருப்பதால் செருப்பைக் கழற்றிவிடுங்கள். பிலோமினா எனக்கு முன்பே ஓலைப்பெட்டியோடு நின்றாள். நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது.

அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கைம்பெண் ஒருத்தி பெட்டியோடு நின்றால், கரையேறும் மரத்திலிருந்து அவளுக்கு மீன் இனாமாகப் போடுவார்கள். நல்ல பழக்கம்தான். வயதான மீனவர் ஒருவர் வந்து இரண்டு பாரை மீன்களைப் பிலோமினாவின் பெட்டியில் போட்டார். அவள் உடனே குனிந்து இரண்டையும் எடுத்து அவருடைய மரத்திலேயே திரும்ப வைத்தாள்.

“வெலைக்குத் தாங்கண்ணே. சும்மா வேண்டாம்.”

“வச்சுக்கோ பிள்ள. பாவம், எத்தன நாளைக்கு…”

“பாவம்னு சொல்லாதிய. நாளைக்கு அவுக வந்து, எம் பொண்டாட்டிக்கு நீரு என்னத்துக்கு வே மீனு குடுத்தீருன்னு கேட்டா என்ன சொல்லுவிய?”

பக்கத்தில் நின்ற இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். கிழவரும் தலையைச் சொறிந்தார். ஆனால் சுற்றி நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் பார்த்தது அவளுடைய காய்ந்த தலையைத்தான். அவள் வாய் ஒன்றைச் சொல்ல, தலை வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் காசை எண்ணிக் கொடுத்து மீனை வாங்கினாள். பெட்டியைத் தூக்கப் பக்கவாட்டில் திரும்பியபோது அவளுடைய முகம் தெரிந்தது.

என் கணவர் இறந்த வாரம், அவருக்குப் பழக்கமான ஒரு வியாபாரி இனாமாக ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். இறக்கக்கூட விடாமல் வண்டியோடு திருப்பினேன். அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது. அன்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியால் மெழுகைச் சுரண்டித் தக்கையை எடுத்தேன். “ஏளா, சீப்பக் கொண்டா. கீழ உக்காரு” என்றேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். கன்னியர் மடத்து விடுதியில் ஒரு தலைக்கு இரண்டு தேக்கரண்டிதான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தலைக்கு நான்கு வேண்டியிருந்தது. உருக்கெண்ணெயை அடுப்பில் காட்டக் கூடாது. உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தால் வரும் சூடே போதும். நடு வகிடு எடுத்து, அங்கிருந்து விரல் விரலாகப் பிரித்து, முதலில் வேருக்கு, பிறகு நுனிக்கு. சிக்கை நுனியிலிருந்து மேல்நோக்கிப் பிரித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. கையில் மிஞ்சியதை அவளுடைய உள்ளங்கை வெடிப்பிலும் முழங்கையிலும் தேய்த்தேன். வெடிப்பில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு தானே நீட்டினாள். பின்னி முடித்தபோது அவளுடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் முன்னால் போய் முகத்தைப் பார்க்கவில்லை.

“உங்க தலைக்கு, மாமி?” என்றாள்.

“எனக்குச் சனிக்கிழமை பூசை இருக்கு.”

“சரி” என்றாள். பத்து மணிக்கு வண்டி பூட்டும்போது மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு தெருமுனைவரை வந்தாள். பின்னல் வெயிலில் பளபளத்தது. திண்ணைகளிலிருந்து பெண்கள் எழுந்து எழுந்து பார்த்தார்கள். அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உடன்குடியில் பதினொன்றரைக்குள் வண்டி பிடியுங்கள். தாமதித்தால் வண்டிக்காரர்கள் மறுநாளைக்குத் தள்ளிவிடுவார்கள். குடிநீர் கையில் இருக்கட்டும். தேரியில் நிழலும் இல்லை, கிணறும் இல்லை. திரும்பும்போது உடன்குடியிலிருந்து கடைசி பஸ் மூன்றரைக்கு. வியாழக்கிழமை இரவு ஏழே முக்காலுக்கு வீடு வந்து சேர்ந்தேன். அங்கே உறவினர் இருந்தால் எண்ணெய் கொண்டுபோங்கள். பணமோ பலகாரமோ அதற்கு ஈடாகாது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கவும் இடம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓர் இரவுதான் என்று கணக்குப் போட்டுப் போனேன். அது போதவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூசை நடந்தது. கறுப்பு உடுப்பில் சாமியார், நடுவில் சவப்பெட்டி இல்லாத வெறும் மேடை, சுற்றிலும் ஆறு மெழுகுவர்த்தி. காய்ந்த தலையோடு முதல் வரிசையில் நான் தனியாக இருந்தேன். பூசை முடிந்து வெளியே வரும்போது, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண்மணி நாலு பேர் கேட்க, “மருமக வரலியாக்கும்? இன்னும் எண்ணெய் வடியத்தான் திரியுதாளோ?” என்று கேட்டாள்.

“ஆமா. நான்தான் வச்சு விட்டேன்” என்றேன்.

பதினொரு மாதத்துக்கு முன் இதே வாசலில் இதே பெண்மணியிடம் பிலோமினாவைப் பற்றி நான் குறை சொல்லியிருக்கிறேன்.

இந்த வயதுவரை, ஒரு காரியத்தில் நானும் இன்னொருவரும் வேறுபட்டால் சரியாக இருப்பவள் நானாகத்தான் இருந்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இப்போது பிலோமினா, நான் என்ற இருவரில் ஒருத்திதான் சரி. அது நானாக இருக்கக் கூடாது என்று தினமும் முழந்தாளிட்டு மன்றாடுகிறேன்.