காலி சீட்டுக்குப் பெல்ட்

காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். கடலூர் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நான் சேஃப்டி ஆபீசர். ஒருத்தர் வழுக்கி விழுந்தால் ஏன் விழுந்தார், செருப்பா, தரையா, எண்ணெயா என்று தோண்டித் துருவுகிற ஆள். முதுநகரில் எங்கள் தெருவில் காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவேன். இப்போது நீங்கள் என்னை எப்படிப் பார்க்கிறீர்களோ, அப்படித்தான் நானும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

முதலில் என் தலைவலியைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் மற்றது புரியும். எங்கள் சென்னை ஆபீசில் திடீரென்று ஒரு ஞானோதயம். ஃபேக்டரிக்குள் மட்டும் பாதுகாப்பு இருந்தால் போதாது, வேலை விஷயமாக வெளியூர் போகிற ஆட்களுக்கும் நான்தான் பொறுப்பு என்றார்கள். கம்பெனி வண்டியில் போனவர் கம்பெனி வண்டியில்தான் திரும்ப வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் போன் செய்ய வேண்டும். சொல்வது சுலபம். ஒருத்தராவது கேட்க வேண்டுமே? பெல்ட் போடச் சொன்னால் என்னவோ கை விலங்கு மாட்டச் சொன்ன மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அதில் முதல் ஆள் தமிழரசி. எங்கள் லேபில் கெமிஸ்ட், கெட்டிக்காரப் பெண், ஊர் குமராட்சிப் பக்கம். அவளுக்குப் பெல்ட் என்றால் ஆகாது, கழுத்தை அறுக்கிறதாம். அன்றைக்குத் தண்ணீர் சாம்பிள்களை எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் ஒரு ஆய்வகத்துக்குப் போக வேண்டியிருந்தது, அவளும் நானும். டிரைவர் முருகவேல். அவனும் முதுநகர்தான், எனக்கு இரண்டு வீடு தள்ளி. தெருவில் என்னை மச்சான் என்பான், வண்டியில் ஏறிவிட்டால் சார். தமிழரசி பின்னால் இடது பக்கம் உட்கார்ந்தாள். கம்பெனி வாங்கிய புது வண்டி அது, சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்து டிங் டிங் என்று உயிரை எடுக்கும். காரைக்காடு தாண்டும்வரை அது கத்தியது, நான் கத்தினேன், அதற்குப் பிறகுதான் போட்டாள்.

வேலை மதியத்துக்கு மேல் முடிந்தது. கிளம்பும்போது தமிழரசி, அப்பாவுக்குக் காய்ச்சல், இங்கிருந்து மினி பஸ் பிடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம், என்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள் சார் என்றாள். நான் முடியாது என்றேன். ரூலைச் சொன்னேன். அவள் மேனேஜருக்கே போன் போட்டுவிட்டாள். அந்த மனிதர் என்னிடம், அட விடுய்யா, சொந்த ஊருக்குப் போற பொண்ணுகிட்ட என்ன ரூலு என்கிறார். மீட்டிங்கில் மேஜையைத் தட்டி ரூல் பேசுகிறவரும் இவர்தான். என்ன செய்வது, பையைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். வீட்டுக்குப் போனதும் போன் பண்ணு என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். தலையை ஆட்டினாள். பண்ண மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டிங் டிங். சிவப்பு விளக்கு. பின்னால் இடது பக்கம்.

ஏதாவது சாமான் இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை. முருகவேல் ஓரம் கட்டி நிறுத்தி, சீட்டைத் தட்டினான், கீழே துழாவினான், வண்டியை அணைத்துப் போட்டான். ஓடத் தொடங்கியதும் மறுபடி டிங் டிங். பி.முட்லூர் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். வெயில் வேறு, சாப்பிட்ட சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது, அந்த மேனேஜர் மேல் இருந்த கோபம் வேறு. புதுச்சத்திரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இறங்கி, பின் கதவைத் திறந்து, அந்தப் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து, காலி சீட்டுக்கு மாட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நீ யாரா இருந்தாலும் சரி, எங்க வண்டியில ஏறுனா பெல்ட் போடணும்" என்றேன்.

சத்தம் நின்றது. முருகவேல் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

டீ சொல்லிவிட்டு, பின் கதவு திறந்தபடியே இருக்க, அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். வண்டி அணைந்து கிடக்கிறது, சாவி முருகவேல் சட்டைப் பையில். கிளாஸை வாயில் வைக்கிறேன், உள்ளே படக்கென்று ஒரு சத்தம். சீட்டோடு ஒட்டிக் கிடந்த பெல்ட் முன்னால் தள்ளி நிற்கிறது. எப்படிச் சொல்வது, சடன் பிரேக் அடித்தால் நம் உடம்பு போய் முட்டி பெல்ட் விறைத்து நிற்குமே, அப்படி. அந்தரத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டு, நாண் மாதிரி இறுகி நிற்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. நான் தொட்டுப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், இரண்டு கையாலும் அழுத்தினேன், கொஞ்சம்கூட உள்ளே போகவில்லை. நல்ல பாரம் தொங்குகிற கயிற்றைத் தொட்டால் விரலில் ஒரு அதிர்வு தெரியுமில்லையா, அது தெரிந்தது.

"மச்சான், கைய எடு" என்றான் முருகவேல். வண்டிப் பக்கத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றது என்று என்னைக் கேட்காதீர்கள். டீ ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான் தெரியும். பிறகு யாரும் தொடாமலே கொக்கி டக் என்று கழன்று, பெல்ட் தளர்ந்து உள்ளே சுருண்டுபோனது. சென்சார் கோளாறு, பெல்ட் ஜாம் ஆகியிருக்கும் என்று நான் மனசுக்குள் காரணம் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தெரியாத நம்பர். யாரோ ஒரு ஆள், குமராட்சி ரோட்டில் மினி பஸ் கவிழ்ந்துவிட்டது, இந்தப் பொண்ணு உங்களுக்குத்தான் சொல்லச் சொன்னது என்றார். வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறாள், பாருங்கள். அவ்வளவு காலத்தில் அவள் கேட்ட ஒரே ரூல் அது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பறந்தோம். ஆஸ்பத்திரியில் அந்த பஸ்ஸில் வந்த, நெல்லறுக்கப் போன பெண்கள் பலபேர் அடிபட்டு உட்கார்ந்திருந்தார்கள், கை முறிந்தவர்கள், தலையில் கட்டுப் போட்டவர்கள். நல்ல வேளை, ஒரு உயிரும் போகவில்லை. தமிழரசி ஒரு பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை. டியூட்டி டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், நீங்கதான் ஆபீசா என்று கேட்டுவிட்டு, "பெல்ட் போட்டிருந்ததால தப்பிச்சாங்க. கார் எங்க மோதுச்சு?" என்றார்.

காரா? மினி பஸ் மேடம் என்றேன். அவர் என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரைக்கும் பட்டையாகக் கன்றிப்போயிருக்கிறது, இது சீட் பெல்ட் தடம், நான் எத்தனை பார்த்திருக்கிறேன் என்றார். தோளுக்கு மேலே கழுத்தோரத்தில் எனக்கே தெரிந்தது, செக்கச் சிவந்து, பெல்ட் அகலத்துக்கு.

தமிழரசி மெதுவாகத்தான் பேசினாள். டிராக்டரை முந்தப் போய் பஸ் வலது பக்கமாக வாய்க்காலில் சாய்ந்திருக்கிறது. அவள் இடது பக்க ஜன்னல் சீட். அந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் உருண்டு கீழே விழுந்துவிட்டார்கள்.

"நான் மட்டும் விழல சார். சீட்டோட மேலயே தொங்கிக்கினு இருந்தேன். எதுவும் புடிச்சுக்கல. யாரோ நெஞ்சோட சேத்து இறுக்கிப் புடிச்ச மாரி. கத்தக்கூட மூச்சு வரல. ஆளுங்க உள்ள வந்து என் காலத் தொட்டாங்க பாருங்க, அப்பதான் விட்டுச்சு."

முருகவேல் சட்டென்று வெளியே போய்விட்டான். நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. தோளில் அப்படி ஒரு தடத்தோடு இருக்கிறவளிடம் என்னவென்று சொல்வது?

அதன் பிறகு பட்ட பாடுதான் பெரிது. சென்னை ஆபீஸ், ஏன் இறக்கிவிட்டாய் என்று என்னைக் கேட்கிறது. மேனேஜர், நான் அப்படிச் சொன்னேனா என்கிறார். டீக்கடையில் நடந்ததை அவரிடம் சொல்லப்போய், லீவு வேணும்னா எடுத்துக்கய்யா என்று அறிவுரை வாங்கிக்கொண்டேன். சர்வீஸ் சென்டரில் சீட்டையே கழற்றிப் பார்த்து, சென்சார் சரி, பெல்ட் சரி, நீங்கதான் எதையாவது மேலே வைத்திருப்பீர்கள் என்றார்கள். முருகவேல் கண்ணாடிக்கு முன்னால் பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான், ரோடு மறைக்கிறது என்று அதற்கு ஒரு சண்டை போட்டேன். என் மனைவி கோயிலில் பூசைக்குக் கொடுத்தாள். சரி, ஒரு உயிர் தப்பியது, விட்டுவிடுவோம் என்று நானும் இருந்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம்.

தமிழரசி வேலைக்குத் திரும்பிய பிறகு, மறுபடி ஒருமுறை அதே வண்டியில் சிதம்பரம் போனோம். அதே சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி காரைக்காடு தாண்டியது, ஒரு சத்தமும் இல்லை. பரவாயில்லையே, பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தேன். அவள் பெல்ட் போடவே இல்லை. மடியில் சாம்பிள் பெட்டியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போடச் சொன்னேன், உடனே போட்டாள். ஆய்வகத்தில் அவள் உள்ளே போயிருந்தபோது நான் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். முருகவேல் வண்டியை எடுத்ததும் டிங் டிங் என்றது. அவன் உட்கார, நான் ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் கத்தியது. அவள் இல்லாமல் அந்தச் சாம்பிள் பெட்டியை மட்டும் சும்மா வைத்தாலே கத்துகிறது.

இன்றுவரைக்கும் அப்படித்தான். அவளுக்குத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. அவள் ஏறி உட்காரும்போதெல்லாம் நானும் முருகவேலும் அந்தச் சிவப்பு விளக்கைத்தான் பார்க்கிறோம். எரிவதே இல்லை. வண்டியைப் பொறுத்தவரை அந்தச் சீட்டில் ஆள் இல்லை.