டீச்சரின் கார்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் ஓட்டியவள் என் மனைவிதான். உசிலம்பட்டிக்குத் தினமும் போய்வந்து டீச்சர் வேலை பார்த்தவள். நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பழைய காரைத் தன் பெயரிலேயே வாங்கினாள்.

மாரடைப்பில் அவள் போன பிறகு கார் தெருவிலேயே நின்றது. விலைக்குக் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினேன். டயர்கள் இறங்கின. யாரோ அடித்த பந்தில் பின் கண்ணாடி உடைந்து, மழை உள்ளே இறங்கியது. பார்த்துக்கொண்டேதான் போனேன் வந்தேன். கதவைத் திறக்க மட்டும் கை வரவில்லை.

போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்தடிக்க வந்த மாநகராட்சி ஆட்கள், காருக்குள் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிவதைக் காட்டினார்கள். அன்று சாயங்காலம் சிறுமியின் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை.

"டீச்சர் இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாக சார்" என்றார்.

மறுநாளே உடைந்த கண்ணாடி வழியாகத் தண்ணீரை இறைத்துக் கொட்டினேன். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர், காகிதம் எதுவும் வேண்டாம், தெருவிலேயே வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றார். போனில் மகள் தடுத்தாள். ஆயிலெல்லாம் சாக்கடையில் போகும், அம்மா பேரில் இருக்கும் நம்பரை வேறு யாராவது மாட்டிக்கொண்டு ஓடுவான், அரசு அனுமதியோடு முறையாக வண்டி உடைக்கிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றாள். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க அலைந்தேன். போன இடமெல்லாம், ஓனர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

ஊருக்கு வெளியே இருந்த அந்த உடைக்கும் கூடத்துக்கு வண்டியை இழுத்துப் போனோம். வேலையாள் பேட்டரியைக் கழற்றி, ஆயிலை டிரம்மில் வடித்தார். உள்ளே ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். நான் சுற்றிப் போய் இடது பக்க சீட்டில் உட்கார்ந்தேன். பூஞ்சை வாடை அடித்தது. பிஸ்கட் தூள் சிந்தினால்கூடத் திட்டுவாள். அவள் காரை நான் இந்தக் கதிக்கு ஆளாக்கியிருந்தேன். வேலையாள் அவசரப்படுத்தவில்லை. நானாகத்தான் இறங்கினேன்.

வண்டியின் அடையாளமான சேஸிஸ் நம்பர் இருந்த தகட்டை வெட்டி எடுத்தார்கள். வண்டியை ஒப்படைத்ததற்குக் கையில் கொடுத்த சான்றில், உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

பஸ் பிடித்து வீடு வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வாரங்களாகியும் இளைப்பு மாறாத சிறுமி வாசலில் நின்றாள்.

"தாத்தா, டீச்சர் கார் எங்க?"

"குடுத்துட்டேன்மா" என்றேன். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.